பெரம்பூர் ஐ.சி.எஃப்.: ஒரு சுவிஸ் வரைபடம் 63 ஆண்டு ஓடிய கணக்கு

கேள்வி இதுதான். சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) 1955-இல் கையில் எடுத்த சுவிஸ் வடிவமைப்பை 2018 வரை விடாமல் செய்துகொண்டிருந்தது ஏன்? அதே தொழிற்சாலை வந்தே பாரத் ரயிலை ஒன்றரை ஆண்டில் செய்து முடித்தது எப்படி? முதலாவதற்குச் சோம்பல் என்றும் இரண்டாவதற்கு அதிசயம் என்றும் சொல்லிவிடுவது வழக்கம். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பழைய பெட்டி நீடித்ததற்கான காரணம் ஐ.சி.எஃப். மதிலுக்கு வெளியே, டிப்போக்களிலும் ஓவர்ஹால் ஒர்க்‌ஷாப்களிலும் இருந்தது. வந்தே பாரத்துக்குத் தேவையான பயிற்சி, யாரும் கவனிக்காத புறநகர் மின்ரயில் வேலையில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐ.சி.எஃப். கம்பெனி அல்ல. ரைட்ஸ் (1974), இர்கான் (1976) போன்றவைதான் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் உள்ள பொதுத்துறை நிறுவனங்கள். ஐ.சி.எஃப். ரயில்வே வாரியத்தின் நேரடி உற்பத்திப் பிரிவு. அதற்குப் பங்கும் கிடையாது, லாபக் கணக்கும் கிடையாது. வாரியம் ஆண்டுதோறும் எத்தனை பெட்டி, எந்த வகை என்று திட்டம் கொடுக்கும். அதன்படி செய்து மண்டல ரயில்வேக்களுக்கு அனுப்ப வேண்டும். 2019-இல் இத்தகைய பிரிவுகளை எல்லாம் ஒரே நிறுவனமாக்கும் யோசனை வந்தபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இந்த நிர்வாக அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் வடிவமைப்பு ஏன் மாறவில்லை என்பது புரியும். எதைச் செய்வது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அந்தத் தொழிற்சாலைக்கு இருந்ததில்லை.

இன்னொன்று: பெரம்பூர் என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். ஐ.சி.எஃப். புதுப் பெட்டி செய்யும் இடம். பக்கத்திலேயே இருக்கும் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் இரண்டும் தெற்கு ரயில்வேயின் பழுதுபார்ப்புப் பட்டறைகள். கேரேஜ் ஒர்க்ஸ் 1856-லிருந்து இருக்கிறது, ஐ.சி.எஃப்.பை விட நூறு வயது மூத்தது.

1949-க்கு வருவோம். அப்போது ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை எஃகுச் சட்டத்தின் மேல் தேக்கு மரத்தால் கட்டியவை. பாரம் முழுவதையும் கீழ்ச்சட்டமே தாங்கும். மேலே இருக்கும் மரக்கூடு வெறும் மறைப்பு. இரண்டு வண்டி மோதினால் ஒன்றின் சட்டம் மற்றதன் மரக்கூட்டைப் பிளந்துகொண்டு உள்ளே புகும். சாவு எண்ணிக்கை அதனால்தான் அவ்வளவு அதிகமாக இருந்தது. முழு உலோகப் பெட்டிகளைப் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் செய்துவந்தது. அந்தக் கிளைதான் பிற்காலத்தில் பெமல் ஆனது. ஆனால் நாட்டின் தேவை அதைப் போலப் பல மடங்கு.

அதனால் 1949 மே மாதம் சூரிச்சுக்கு அருகே ஷ்லீரனில் இருந்த சுவிஸ் கார் அண்ட் எலிவேட்டர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1937 முதல் சுவிஸ் ரயில்வேக்கு இலகு எஃகுப் பெட்டிகள் கட்டிய நிறுவனம் அது. அவர்கள் கையாண்ட முறையில் தரை, பக்கச்சுவர், முனைச்சுவர், கூரை எல்லாம் ஒன்றோடொன்று வெல்டு ஆகி ஒரே குழாயாக நின்று பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். சட்டம் தனி, கூடு தனி என்ற பிரிவே இல்லை. எடை குறையும், உறுதி கூடும். முனைச்சுவரில் கனமான தூண்கள் வைத்து, மோதல் வந்தால் ஆள் உட்காராத முனைப்பகுதி முதலில் நசுங்கட்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மரப்பெட்டியோடு ஒப்பிட்டால் அது பெரிய பாய்ச்சல். இன்று அந்தப் பெட்டியை ‘சவப்பெட்டி’ என்று திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1955 அக்டோபர் 2 அன்று நேரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஒரே ஷிஃப்டில் ஆண்டுக்கு 350 ஷெல் என்பது தொடக்கத் திட்டம். ஷெல் என்றால் வெறும் உலோகக் கூடு. இருக்கை, மின்கம்பி, கழிவறை எதுவும் இருக்காது. முதல் ஏழு ஆண்டுகள் அந்தக் கூடுகளை ரயில்வே ஒர்க்‌ஷாப்களுக்கு அனுப்பி, அங்கே உள்வேலை செய்தார்கள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு பட்டறையும் தன் கைப்பழக்கத்துக்கு ஏற்பச் செய்ததால் ஒரே வகைப் பெட்டியின் உள்பாகங்கள் இடத்துக்கு இடம் மாறின. பெட்டியும் கூடாகவே பல மாதம் காத்துக்கிடக்கும். 1962 அக்டோபர் 2 அன்று ஃபர்னிஷிங் பிரிவு திறந்த பிறகுதான் பெரம்பூரிலிருந்து முழுப் பெட்டி வெளியே வந்தது. இன்றும் ஷெல், ஃபர்னிஷிங் என்ற இரு பிரிவுகளாகவே தொழிற்சாலை இயங்குகிறது.

ஒரு ஷெல் உருவாவது இப்படி. நெளிவாக மடித்த எஃகுத் தகடுகளைப் பக்கவாட்டில் அடுக்கித் தரைத்தொட்டி ஆக்குவார்கள். இரு பக்கமும் நீளமாக ஓடும் சோல்பாரையும், முனைகளில் பஃபரையும் (முட்டலைத் தாங்கும் மெத்தை) கப்ளிங்கையும் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) தாங்கும் ஹெட்ஸ்டாக்கையும் அதோடு சேர்த்து வெல்டு செய்தால் அண்டர்ஃபிரேம் தயார். பக்கச்சுவரும் கூரையும் தனித்தனி ஜிக்குகளில் (பாகங்களை அளவு பிசகாமல் பிடித்துவைக்கும் சட்டங்கள்) உருவாகி, கடைசியில் பெரிய ஜிக் ஒன்றில் அண்டர்ஃபிரேமின் மேல் இறங்கும். ஜிக்கில் வைக்கும்போதே நடுப்பகுதியைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துத்தான் வெல்டு செய்வார்கள். பயணிகளும் தண்ணீரும் ஏறிய பிறகு அது நேராகும். இந்த வளைவைத் தவறவிட்டால் பெட்டி தொய்ந்து கதவுச்சட்டம் கோணலாகும், கதவு இறுகிப் பிடிக்கும். ரேடியல் டிரில்லும் சுத்தியலும் மட்டும் தெரிந்த கைகளுக்கு இந்த ஜிக் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்ததுதான் சுவிஸ்காரர்கள் விட்டுச்சென்ற உண்மையான சொத்து என்பேன். வரைபடம் அதற்கு அடுத்ததுதான். ஷ்லீரன் தொழிற்சாலை 1985-இல் மூடப்பட்டது. அவர்கள் பெட்டி அதன் பிறகும் 33 ஆண்டு பெரம்பூரில் உருவாகிக்கொண்டிருந்தது.

இனி அடிப்பாகம். போகி என்று நான் சொல்வது பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கும் வண்டியை. ஒரு பெட்டிக்கு இரண்டு. ஏ.சி. இல்லாத பெட்டிக்கு அச்சுப் பாரம் 13 டன், ஏ.சி. பெட்டிக்கு 16.25 டன் என இரு வகை. இரண்டிலும் அச்சு இடைவெளி 2896 மி.மீ.

இந்தப் போகியில் பெட்டியின் எடை நடு ஊசியில் இறங்காது. 1600 மி.மீ. இடைவெளியில் இருபக்கமும் இருக்கும் சைடு பேரர்கள்தான் முழு எடையையும் வாங்கும். நடு ஊசி இழுவையையும் பிரேக் விசையையும் மட்டும் கடத்தும். சைடு பேரரில் எஃகுத் தகட்டின் மேல் வெண்கலத் துண்டு எண்ணெய்க்குளியலில் வழுக்கும். எண்ணெய் வற்றினால் வளைவில் போகி எளிதாகத் திரும்பாது. திரும்பாத போகியின் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசித் தேயும். விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்த சக்கரம் வந்தால் முதலில் சைடு பேரரைத் திறந்து பார் என்பார்கள்.

அதைவிட முக்கியமானது டேஷ்பாட். அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டிக்கும் போகிச் சட்டத்துக்கும் நடுவே உள்ள சுருள்வில்லின் உள்ளே, சட்டத்திலிருந்து தொங்கும் கைடு ஒரு பிஸ்டனைப் போல எண்ணெய் நிரம்பிய குவளைக்குள் ஏறி இறங்கும். கைடின் தலையில் 5 மி.மீ. விட்டத்தில் 9 துளைகள். எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கிப் போகும்போதுதான் குலுக்கம் அடங்கும். கைடின் தலைக்கு மேல் 40 மி.மீ. எண்ணெய் நிற்க வேண்டும்; அதற்குத் திருத்தப்பட்ட வகையில் ஏறத்தாழ 1.6 லிட்டர், பழைய வகையில் 1.4 லிட்டர் பிடிக்கும். ஒரு அச்சுப்பெட்டிக்கு இரண்டு வீதம் ஒரு பெட்டிக்கு 16 டேஷ்பாட். ஆக 25 லிட்டருக்கு மேல். 24 பெட்டிகள் கோத்த ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழு ரயிலில், 384 குவளை. ஒவ்வொன்றிலும் எண்ணெய் மட்டம் சரியாக இருந்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும்.

இங்கேதான் வழக்கமான கோளாறு. கைடு நடுமையத்தில் இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ரப்பர் பேக்கிங் சீரற்றுத் தேய்ந்து எண்ணெய் கசியும். எண்ணெய் போன டேஷ்பாட்டில் வில் மட்டுமே மிச்சம். அடக்க எதுவும் இல்லாத வில் குதித்துக்கொண்டே இருக்கும். எஸ்-7-இல் தூக்கம் வருகிறது, எஸ்-8-இல் தூக்கிப் போடுகிறது என்று பயணிகள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எண்ணெய் ஊற்றினால் அந்தப் பயணத்துக்குச் சரியாகும். மையம் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதம் அதே அச்சுப்பெட்டிக்கு அடியில் எண்ணெய்க் கறையோடுதான் பெட்டி வந்து நிற்கும்.

சக்கரம் புதிதில் 915 மி.மீ. விட்டம். கடைசல் பிடிக்கப் பிடிக்கக் குறைந்து 825 மி.மீ. வந்தால் கழித்துவிட வேண்டும். சக்கரம் சிறிதானால் பெட்டி தாழும், பஃபர் உயரமும் தாழும். காலிப் பெட்டியில் அது அதிகபட்சம் 1105 மி.மீ., பாரத்தோடு குறைந்தபட்சம் 1030 மி.மீ. இருக்க வேண்டும். அதைச் சரிக்கட்ட டேஷ்பாட்டின் கீழ் வளையப் பேக்கிங் வைப்பார்கள். விட்டம் 889-க்கு இறங்கினால் 13 மி.மீ., 863-க்கு 26, 839-க்கு 38. விட்டம் குறைந்ததில் பாதி என்பதுதான் கணக்கு. ஒரு பெட்டியின் நான்கு மூலையிலும் பேக்கிங் பொருந்தாமல் போனால் பாரம் ஒருபக்கம் சாயும். வில் முறிவது அங்கிருந்து தொடங்கும்.

இவ்வளவு விவரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேக்கிங் வளையம், அந்த வெண்கலத் துண்டு, 1.6 லிட்டர் எண்ணெய், அவற்றைக் கையாளத் தெரிந்த ஃபிட்டர் எல்லாம் நாட்டின் ஒவ்வொரு பிட்லைனிலும் (பெட்டிகளின் அடிப்பாகத்தைப் பார்க்கும் பள்ளத் தடம்) இருந்தன. கௌஹாத்தியில் நின்றுபோன பெட்டிக்கு நாகர்கோவிலில் இருக்கும் உதிரி பொருந்தும். புதுப் போகி கொண்டுவருவதென்றால் புதிய கிடங்கு, புதிய ஜிக், புதிய அளவுக்கருவி, ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சி. பெட்டியின் ஆயுள் 25 ஆண்டு என்பதால் பழையதும் புதியதும் கால் நூற்றாண்டு இணையாக ஓடியே தீரும். பெட்டி போதவில்லை என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் காலத்தில் எந்த வாரியம் அதற்குத் துணியும்? இன்னும் பத்து ஆயிரம் பெட்டி வேண்டும் என்பதே எப்போதும் இருந்த அழுத்தம்.

இதற்குச் சரியான சான்று கபுர்தலா. 1985-இல் பஞ்சாபில் புத்தம்புதிதாக ரயில் கோச் ஃபேக்டரி தொடங்கினார்கள். 1988-இல் அங்கிருந்து வந்த முதல் பெட்டியும் அதே ஐ.சி.எஃப். வடிவமைப்புதான். பழைய இயந்திரம், பழைய பழக்கம் என்ற சாக்கு எதுவும் அங்கே இல்லை; இருந்தும் மாறவில்லை. பிறகு ஐ.ஆர்.20 என்ற புதிய போகியை முயன்றார்கள். அது பெரிய எண்ணிக்கைக்கு வரவேயில்லை.

ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. வேக்கும் பிரேக் போய் இரட்டைக் குழாய் ஏர் பிரேக் வந்தது. பிரேக் சிலிண்டர் அண்டர்ஃபிரேமிலிருந்து போகிக்கு இடம்பெயர்ந்தது. துருவைத் தாங்க கார்ட்டன் எஃகு, பிறகு ஸ்டெயின்லெஸ் எஃகு. 1969 மார்ச்சில் ஹவுரா–புதுதில்லி ராஜ்தானி 120 கி.மீ. வேகத்தில் ஓடியது இந்தப் பெட்டியின் மேம்பட்ட வகையில்தான். 1988-இல் முதல் சதாப்தி 140 தொட்டதும் அப்படியே. ஆனால் தொட்டியின் அடியில் வரும் துரு கடைசிவரை தீரவில்லை. கழிவறைத் தண்ணீர் தரைவிரிப்பின் விளிம்பில் இறங்கி, நெளிவுத் தகட்டின் பள்ளங்களில் தேங்கி, சோல்பாரை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஓவர்ஹாலில் தரையைப் பெயர்த்தால் கதவோரத்துச் சோல்பார் பொருக்குப் பொருக்காக உதிரும். கழிவறையும் வாசலும் இருக்கும் இரண்டு முனைகளில்தான் எப்போதும் முதலில் ஓட்டை.

துருவை வெட்டி ஒட்டிச் சமாளித்துவிடலாம். கப்ளிங்கைச் சமாளிக்க முடியவில்லை. நடுவில் ஸ்குரூ கப்ளிங், இருபக்கமும் பஃபர். இழுக்கும்போது நன்றாகப் பிடிக்கும். மோதும்போது ஒரு பெட்டியின் பஃபர் அடுத்ததன் பஃபரைவிடக் கொஞ்சம் உயர்ந்தாலும் பெட்டி மேலே ஏறிவிடும். ஏறிய பிறகு முனைத்தூண் எவ்வளவு கனமாக இருந்து என்ன பயன்? ஷ்லீரன்காரர்கள் முனையில் செய்துவைத்த பாதுகாப்பு முழுவதும், இரு பெட்டியும் ஒரே மட்டத்தில் முட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நின்றது. நடந்த விபத்துகளில் பெரும்பாலும் அது நடக்கவில்லை.

1995-இல் ஜெர்மனியின் லிங்கெ ஹோஃப்மன் புஷ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2000-இல் 24 பெட்டிகள் இறக்குமதியாயின, அடுத்து கபுர்தலா செய்யத் தொடங்கியது. எல்.ஹெச்.பி. என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஸ்டெயின்லெஸ் எஃகு உடல், ஃபியட் வகைப் போகி, நடுக்கப்ளிங். அந்தக் கப்ளிங்கின் தலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் பெட்டி மேலே ஏறாது. தடம் புரண்டாலும் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். சவாரிக் குறியீடு பழைய பெட்டியில் 3.25, இதில் 2.75 அல்லது அதற்கும் கீழ். எண் குறையக் குறையக் குலுக்கம் குறைவு. டேஷ்பாட், சைடு பேரர், பேக்கிங் வளையம் எல்லாம் போயின. அச்சுக்கு இரண்டு வீதம் 640 மி.மீ. பிரேக் டிஸ்க்குகள் வந்தன.

நீளமும் கூடியது. பழைய பெட்டி பஃபர் முதல் பஃபர் வரை 22.3 மீட்டர், புதியது கப்ளிங் முதல் கப்ளிங் வரை 24 மீட்டர். 24 பழைய பெட்டிகள் 535 மீட்டர். அதே பிளாட்பாரத்தில் 22 புதிய பெட்டிதான் நிற்கும்: 528 மீட்டர். ஸ்லீப்பரில் 72 படுக்கை 80 ஆனது, மூன்றடுக்கு ஏ.சி.யில் 64 படுக்கை 72 ஆனது என்று விளம்பரம் செய்தார்கள். மீட்டர் கணக்கில் பார்த்தால் ஸ்லீப்பரில் கிடைத்த லாபம் மூன்று சதவீதம் அளவுதான்.

புதிய பெட்டி புதிய தொல்லைகளையும் கொண்டுவந்தது. ஸ்குரூ கப்ளிங்கை இறுக்கிவிட்டால் பஃபர்கள் அழுந்தி இடைவெளியே இருக்காது. நடுக்கப்ளிங்கின் பின்னால் இருக்கும் டிராஃப்ட் கியரில், அதாவது இழுப்பையும் முட்டலையும் உள்வாங்கும் சாதனத்தில், கொஞ்சம் தளர்வு இருக்கும். எஞ்சின் கிளம்பும்போது 22 பெட்டிகளின் தளர்வும் ஒன்றன்பின் ஒன்றாக இழுபட்டு, கடைசிப் பெட்டிக்கு வரும்போது வெட்டி இழுக்கிற மாதிரி ஆகிவிடும். ராத்திரி டீ கொட்டுவது இதனால்தான். சமனிலை டிராஃப்ட் கியர் மாற்றிய பிறகு வெகுவாகக் குறைந்தது. அடுத்தது சக்கரத்தில் தட்டை. டிஸ்க் பிரேக் வலுவாகப் பிடிக்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு அச்சிலும் உள்ள வேக உணரி அதைக் கண்டு அந்த அச்சின் காற்றை விட வேண்டும். உணரியோ அதன் கம்பியோ பழுதானால் சக்கரம் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் இழுபடும், ஓரிடம் தட்டையாகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று அடித்து பேரிங்கைக் கெடுக்கும். பழைய பெட்டியில் பிரேக் கட்டை சக்கரத்தையே உரசியதால் ஓடுமுகம் தானாகத் துப்புரவாகும். இதில் அந்த வசதியும் இல்லை.

மின்சாரமும் சிக்கல். பழைய பெட்டிகள் அச்சில் பெல்ட் போட்டு ஓடும் ஆல்டர்னேட்டரால் தம் 110 வோல்ட்டைத் தாமே தயாரித்துக்கொண்டன. எல்.ஹெச்.பி. ரேக்குக்கு இரு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி. அதிலிருந்து 750 வோல்ட் எல்லாப் பெட்டிக்கும் போகும். இரைச்சல், புகை, டீசல் செலவு, இரண்டு பயணிப் பெட்டியின் இடம் வீண். இப்போது மின் எஞ்சினின் கன்வெர்ட்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

2012-இல் ரயில் பாதுகாப்புக்கான அனில் ககோட்கர் குழு இனி எல்.ஹெச்.பி. மட்டுமே செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. பெரம்பூருக்கு இது ஜிக் மாற்றும் வேலை மட்டுமல்ல. கார்பன் எஃகில் பழகிய வெல்டர் ஸ்டெயின்லெஸ்ஸில் அதே சூட்டைக் கொடுத்தால் தகடு அலையலையாக நெளியும். அந்த எஃகு சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, அதிகமாகவும் விரியும். கார்பன் எஃகைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தை ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் இரும்புத்துகள் பதிந்து சில வாரத்தில் துருப்புள்ளிகள் தெரியும். கருவிகளையும் பணியிடத்தையும் பிரிக்க வேண்டியிருந்தது. லேசர் வெட்டும் இயந்திரங்களும் ரோபோக்களும் வந்தன. 2018 ஜனவரி 19 அன்று கடைசிப் பழைய வகைப் பெட்டி வெளியேறியது. 2019-20-இல் ஆண்டு உற்பத்தி 4000 பெட்டியைத் தாண்டியது. 350 ஷெல் என்று தொடங்கிய இடம் அது.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. பயணிப் பெட்டி மாறாமல் இருந்த அதே ஆண்டுகளில் ஐ.சி.எஃப். வேறு என்னென்னவோ செய்துகொண்டிருந்தது: 1967-இல் தாய்லாந்துக்குப் போகிகள், 1971-இல் தைவானுக்குப் பெட்டிகள், 1984-இல் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவுக்கு ரயில்கள், டெக்கான் ஒடிசி, காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு டீசல் ரயில். இவற்றைவிட முக்கியமானவை மும்பை புறநகர் மின்ரயில்கள். அவற்றில் எஞ்சின் தனியாகக் கிடையாது. மோட்டார்கள் ரேக் நெடுகப் பிரிந்திருக்கும். 2000-களில் சீமென்ஸ், பிறகு பம்பார்டியர் மின்சாதனங்களோடு மும்பைக்கு மூன்று கட்ட மோட்டார் ரயில்களைக் கட்டியபோது, பல பெட்டிகளின் மோட்டார், பிரேக், கணினி மூன்றையும் ஒத்திசைக்கும் வேலை பெரம்பூருக்குப் பழகிவிட்டது. 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மும்பையின் முதல் ஏ.சி. புறநகர் ரயிலும் இங்கே செய்ததே.

பிறகு வந்தே பாரத் என்று பெயர் பெற்ற டிரெயின் 18 அந்த வழியில் வந்தது. அப்போது பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணியின் பங்கு பெரியதுதான்: வாரியத்திடமிருந்து அனுமதி வாங்கியதும், ஐரோப்பாவில் வாங்கிவிடலாம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காததும். ஆனாலும் பொறியியல் ரீதியாக அது புறநகர் ரயிலின் நீண்டதூர அண்ணன். 16 பெட்டி, நான்கு நான்காகப் பிரித்த அலகுகள், ஒன்றுவிட்டு ஒரு பெட்டியில் மோட்டார். உந்துவிசைச் சாதனம் ஹைதராபாத் மேதா நிறுவனத்துடையது. ஏர் ஸ்பிரிங் போகி, மோட்டார் அச்சில் தொங்காமல் போகிச் சட்டத்திலேயே தாங்கப்பட்டிருக்கும். மின்சாதனங்கள் எல்லாம் தரைக்கு அடியில். 2018 அக்டோபர் இறுதியில் வெளியே வந்தது. டிசம்பரில் கோட்டா பகுதிச் சோதனையில் 180 கி.மீ. தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று புதுதில்லி–வாரணாசி வந்தே பாரத் ஆனது. ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் முடிந்தது.

சாதனத்தை அடியில் வைத்தால் வெள்ளம் வைரி. முதல் வகை 400 மி.மீ. வரைதான் தண்ணீர் தாங்கியது. 2022 செப்டம்பரில் வந்த இரண்டாம் வகையில் அதை 650 ஆக்கினார்கள், எடையை 430 டன்னிலிருந்து 392-க்குக் குறைத்தார்கள். அந்த ரயில் ஓடிய முதல் வாரத்திலேயே, அக்டோபர் 6 அன்று, அகமதாபாத் அருகே எருமைகளின் மேல் மோதி மூக்கு உடைந்தது. நாடே சிரித்தது. ஆனால் அந்த மூக்கு ஃபைபர் உறை. உடைந்து போகட்டும், உடனே மாற்றிக்கொள்ளலாம் என்றே செய்தது. மறுநாளே வண்டி ஓடியது.

சிரிக்க முடியாத இடம் சக்கரம். வந்தே பாரத்துக்கான சக்கரங்களை உக்ரைனில் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். 2022-இல் போர் வந்தது. தயாரானவற்றில் ஒரு பகுதியை ருமேனியாவுக்குச் சாலையில் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றி வரவேண்டியிருந்தது. உடலும் போகியும் மென்பொருளும் கைவந்த தொழிற்சாலை, சக்கரம் வராததால் கைகட்டி நின்றது. ஐ.சி.எஃப்.பின் இன்றைய பலவீனம் எது என்று கேட்டால் வடிவமைப்பைச் சொல்லமாட்டேன். வார்ப்பு, சக்கரம், பேரிங் போன்ற கனப்பொருட்களின் வரத்தைச் சொல்வேன்.

பழைய பெட்டிகள் என்ன ஆகும்? 25 ஆண்டு ஆயுள் என்றால் 2018-இல் வந்தவை கணக்குப்படி 2043 வரை ஓடலாம். அவ்வளவு நாள் பயணிகள் சேவையில் விட்டுவைக்கும் எண்ணம் ரயில்வேக்கு இல்லை. ரேக் ரேக்காக எல்.ஹெச்.பி.க்கு மாற்றிவருகிறார்கள். வெளியே வருகிற பெட்டிகளில் உடல் நன்றாக இருப்பவற்றின் இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னலையும் பக்கக் கதவையும் தகடு வைத்து அடைத்து, முனையில் அகலக் கதவு திறந்து கார் ஏற்றும் வண்டியாக்குகிறார்கள். அதற்கடியில் ஓடுவதும் அதே டேஷ்பாட் போகிதான். ஆகவே பயணிகள் மறந்த பிறகும் ஒர்க்‌ஷாப்கள் 18 மாத ஓவர்ஹாலுக்கு வரும் பழைய வகைக்கும், 18, 36, 72 மாத முறையில் வரும் எல்.ஹெச்.பி.க்கும் இரண்டு வரிசை, இரண்டு உதிரிக் கிடங்கு, இரண்டு வகை ஃபிட்டர் என்று இன்னும் பல ஆண்டுகள் வைத்திருந்தாக வேண்டும்.